ஓடைக்கு மேலே ரம்பம்

மார்ச் 3, 2025

என் வீட்டுக்காரர் பிரஜின் மரத்தடி ஏற்றும் லாரி ஓட்டப் போய் ஒரு மாசம்தான் ஆகிறது. விதுராவுக்கு மேலே, எஸ்டேட்டை ஒட்டி, அக்கேஷியா வெட்டக் கான்ட்ராக்ட் எடுத்தவரின் லாரி. இன்றைக்கு முகம் கழுவக் குனிந்தபோது பார்த்தேன், சட்டை முதுகில் கருஞ்சிவப்பாய் மரத்தூள். அக்கேஷியாத் தூள் இப்படியா இருக்கும்?

"காட்டு நாங்கு மரத்தையா வெட்டுதாங்க?"

"நான் ஓட்டுதவன் மலரு. ஏத்துதது என்னன்னு பாக்குதது என் சோலி இல்ல."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மார்ச் 8

சரசம்மா டீச்சரோடு மேலே ஏறினேன். அங்கன்வாடியில் ரிட்டயர் ஆனவர், எங்கள் காட்டுக் கமிட்டியைத் தொடங்கியவர். ஜங்ஷனில் டீக்கடை வைத்திருக்கும் மைதீன் அண்ணனும் வந்தார்.

பெர்மிட் இருப்பது நட்டு வளர்த்த அக்கேஷியாவுக்கு மட்டும். வெட்டுவதோ ஓடை தாண்டி, யாரும் நடாமல் தானாய் வளர்ந்த காட்டை. நாங்கும் அயினியும் சாய்ந்து கிடக்கின்றன. சரிவு மண் ஓடையில் இறங்கித் தண்ணீர் செங்கல் நிறம். கீழே எங்கள் வீடுகள் மொத்தமும் குடிப்பது அதைத்தான்.

மைதீன் அண்ணன் வெட்டின அடிமரத்தில் கையை வைத்தார். "இன்னும் ஈரமாட்டு இருக்கு தங்கச்சி."

மார்ச் 10

ஃபாரஸ்ட் ஆபீசில் மனு கொடுத்தோம். "நோக்காம்" என்றார்கள் மலையாளத்தில், பார்க்கலாமாம். நாங்கள் படியிறங்கும்போதே ரோட்டில் லாரி போகிறது.

மார்ச் 15

எழுதாமல் இருக்க முடியல.

காலையில் ரோட்டை மறித்து உட்கார்ந்தோம். பெண்கள்தான் அதிகம். முதலில் வந்து நின்றது என் வீட்டுக்காரர் ஓட்டின லாரி. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மஹேஷ் ஜீப்பிலிருந்து இறங்கினான். "எழுந்நேற்று போடீ" என்று ஒரு தடவைதான் சொன்னான். பின்னால் இருந்தவர்கள் கோடாலிக் கைப்பிடிகளோடு பாய்ந்தார்கள்.

டீச்சரின் கை ஒடிந்த சத்தம். பச்சைக் கம்பை முறித்த மாதிரி. என் இடுப்பில் மிதித்தார்கள். டீச்சர்மேல் அடுத்த அடி விழாமல் மைதீன் அண்ணன் குறுக்கே விழுந்தார். மஹேஷ் அவர் தலையில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். ரோட்டு ஜல்லியில் ரத்தம் கோடு போட்டு ஓடி என் சேலைக்குள் ஊறியது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். லாரிக் கண்ணாடிக்குப் பின்னால் என் புருஷன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். இறங்கல. இறங்கவே இல்ல.

மார்ச் 16

மெடிக்கல் காலேஜில் மைதீன் அண்ணனுக்கு நினைவு திரும்பவில்லை.

வீட்டில் சோறு போட்டேன். இவராகவே சொன்னார்: "எறங்கியிருந்தா என்னையும் கொன்னிருப்பானுவ."

உண்மைதான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 19

மைதீன் அண்ணன் போயிட்டாரு.

மார்ச் 20

மறியலில் தள்ளுமுள்ளு, கீழே விழுந்து தலையில் காயம். போலீஸ் எழுதியது இவ்வளவுதான். மஹேஷ் ஜங்ஷனில் பைக்கை நிறுத்தி பரோட்டா வாங்கிப் போனான். பார்த்தேன்.

இவர் நாளைக்கும் வண்டி எடுக்கிறாராம். "போகலேன்னா சாட்சி சொல்லப்போறேன்னு நெனைப்பானுவ." ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதது கேட்டது. நான் கையை நீட்டவில்லை.

மார்ச் 22

மறுபடி மறித்தோம். இந்தத் தடவை நல்ல கூட்டம். மைதீன் அண்ணனின் மகளும் வந்து முன்னால் உட்கார்ந்தாள். மஹேஷ் பவர் ரம்பத்தை ஸ்டார்ட் செய்து, கட்டுப்போட்ட கையோடு இருந்த டீச்சரைப் பார்த்து நடந்தான். மிரட்டத்தானோ, வெட்டவேதானோ. சிரித்துக்கொண்டே வந்தான்.

இவர் லாரியிலிருந்து குதித்தார். கையில் ஜாக்கி லிவர். முதல் அடி மஹேஷின் முகத்தில். ரம்பம் கை நழுவித் தரையில் கிடந்து உறுமிற்று. அவன் கையைத் தூக்கி, வேண்டாம் என்றான். அப்போது இவர் நின்றார். நின்று என்னைப் பார்த்தார்.

"அடி! விடாத! அடி!"

என் குரல்தான். கல்யாணம் ஆனதிலிருந்து இவரை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

இவர் மறுபடி அடித்தார். பிறகு யாரோ பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

மார்ச் 23

இவரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. மஹேஷுக்கு ஒரு கண் போச்சு. வலது பக்கம் அசைவு இல்லையாம்.

இவரைத் தப்பவைக்க வக்கீல் ஒரு வழி சொன்னார், மஹேஷ் மரத்தடிமேல் விழுந்து அடிபட்டான் என்று சொன்னால் போதுமாம். டீச்சரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் தடிமேல விழுந்தான்னு பறஞ்ஞா மதி, மோளே" என்றார். கண்ணால் பார்த்தவர். அவர் வாயிலும் இதுவா?

ஏப்ரல் 4

கமிட்டி போட்ட கேஸில் ஹைகோர்ட் வெட்டுக்குத் தடை போட்டது. ஜங்ஷனில் படக்கம் கொளுத்தினார்கள். என் தையல் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மஹேஷின் பெண்சாதி ரேஷ்மி எதிர் மருந்துக்கடையில் நின்றாள். படக்கம் வெடிக்கும்போதெல்லாம் அவள் தோள் குலுங்கிற்று.

ஏப்ரல் 19

இவரைச் சப்ஜெயிலில் பார்த்தேன். "நீ கத்தலேன்னா நிறுத்தியிருப்பனோ என்னவோ" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

மே 27

நெடுமங்காடு கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். மைதீன் அண்ணனை யார் கொன்றது, எப்படி என்று சொன்னேன். மஹேஷ் தடிமேல் விழவில்லை என்றும் சொன்னேன். வேண்டாம் என்று அவன் கையைத் தூக்கினான், நான் அடிக்கச் சொன்னேன்.

வக்கீல் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் தள்ளித் தள்ளியே நடந்தார். பஸ் ஸ்டாப் வரும்போது பக்கத்தில் வந்து, நிமிராத அந்தக் கையால் குடையை என் தலைக்கு மேலே நீட்டினார்.

ஜூன் 6

மஹேஷின் பெயர் கொலைக்கேஸில் சேர்ந்துவிட்டது. இவர் கேஸில் என் பெயரும் சேர்ந்தது. திங்கட்கிழமை சரணடைய வேண்டும். ஓடையில் கலங்கல் குறைந்திருக்கிறது. இப்போது இருப்பது மழைக் கலங்கல், அது வேறு.

பாக்கி இருந்த துணிகளைத் தைக்காமலே வீடு வீடாய்த் திருப்பிக் கொடுக்கப் போனேன். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் வாங்கவில்லை.

"இருக்கட்டும், நீ திரும்பி வந்து தையி."