கடைசியாக நடந்தவளுக்கு

என் உயிரொத்த மச்சாள் பவளத்துக்கு,

இறைவன் திருவடி நிழலில் நீ நலமாக இருக்கிறாய் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் உன்மீது எனக்கொரு வழக்கு உண்டு. வாவிக்கரை நடையில் எல்லாரையும் முன்னே விட்டுக் கடைசியாக வருகிறவள் நீ. இந்த ஒரு பயணத்தில் மட்டும் ஏன் முந்திக்கொண்டாய்?

உன் ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. அன்று கொடுக்கும் நினைவு மலருக்கு வெண்பாப் பாடித் தரும்படி உன் மகள் வதனி என்னிடம் கேட்டாள். பள்ளியில் தமிழ் கற்பித்தும், கோயில்களில் புராணப் பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்லியுமே தலை நரைத்தவள் நான். எனக்கு வெண்பா வராதா? எழுதுகோலை எடுத்தேன். சீரும் தளையும் ஒழுங்காகத்தான் வந்தன, நீ வரவில்லை. ஆதலால் கடிதம் எழுதுகிறேன். மலரைப் பிரிக்கிறவர்களும் படிக்கட்டும்; உனக்கும் எனக்கும் இடையில் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் உன் நடையைப் பற்றிச் சொல்கிறேன். அது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'மிஸ்ஸி' என்று அழைத்த தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நீ தொடங்கியது, இன்றும் ஞாயிறு விடியலில் கல்லடியிலிருந்து புறப்பட்டு வாவியோரமாகக் கண்ணா மரங்கள் நிற்கும் சதுப்புக் காடு வரை போகிறது. கோப்புகளோடு மல்லாடி நித்திரையிழந்த கந்தோர்க்காரர், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாய்மார், பட்டணத்துப் பறங்கித் தெருவிலிருந்து தையல்கார மெர்லின் என்று உன் பழைய கூட்டம் அப்படியே இருக்கிறது. நடக்க வேண்டும், மூச்சை நிதானமாக எடுக்க வேண்டும், எடுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். நீ கற்பித்தது இவ்வளவுதான்.

முடிவில் அந்தப் பெரிய கண்ணா மரத்தடியில் எல்லாரையும் நிறுத்துவாய். சேற்றிலிருந்து விரல்விரலாக மேலே எழுந்து நிற்கும் அதன் மூச்சு வேர்களைக் காட்டுவாய். "பாருங்க, சேத்துக்குள்ள நிண்டாலும் மூக்கை வெளியில வச்சிரிக்கு. மரத்துக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?" என்பாய். சிரிக்கிறவர்களின் மூச்சு தானாகவே சீராகும். அது உன் வைத்தியம்.

உன் கணவருக்கு, என் அண்ணனுக்கு மட்டும் அந்த மரத்தைக் காட்ட உன்னால் முடியவில்லை. பதுளை வீதியில் ஒரு காலம் முழுவதும் பஸ் ஓட்டிய மனிதர், நடப்பதை இழிவாகவே நினைத்தார். "பிறந்த நாளில இருந்து நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இரிக்கன். இதுக்கு ஒரு வகுப்பா, புள்ள?" என்று உன்னைக் கேலி செய்வார். "அப்ப பஸ்ஸையும் வகுப்பில்லாமத்தான் ஓட்டினீங்களா? அதுதான் செங்கலடிச் சந்தியில சனம் கும்பிட்டுக்கொண்டு ஏறினது" என்று நீ திருப்பிக் கொடுப்பாய். உங்கள் வீட்டுக் காலைத் தேநீருக்கு அந்தச் சண்டைதான் சீனி.

நீ போனபின் அவர் முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டு அமர்ந்தார், தெருப் படலையைத் தாண்டவில்லை. நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பார். இருதயத்தில் குறையில்லை, தினமும் நடக்கட்டும், மூச்சை ஆறுதலாக விடப் பழகட்டும் என்று வைத்தியர் சொன்னார். கேட்டாயா? நீ சொன்னதையே! "மாமி, அப்பாவும் அம்மாவுக்குப் பின்னால போயிருவார் போல இரிக்கி" என்று வதனி என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று நான் மனத்துக்குள் இரண்டு சங்கற்பம் செய்தேன்: உன் நடை நிற்கக்கூடாது, என் அண்ணன் அதில் நடக்க வேண்டும்.

நடையை நான் ஏற்றுக்கொண்டேன். எப்படி நடத்தினேன் என்பதைக் கேட்டால் நீ அங்கிருந்தே சிரிப்பாய். எல்லாருக்கும் முன்னால் நடந்தேன். நாரையைக் கண்டால் நாரைக்கு ஒரு பாட்டு, நெய்தலைக் கண்டால் நெய்தலுக்கு ஒரு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் பதவுரை, பொழிப்புரை, பயன். அதுவும் போதாதென்று, ஓரடி பாடி முடிக்கும்வரை மூச்சை உள்ளே எடுங்கள், மறு அடி முடியும்வரை வெளியே விடுங்கள் என்று விதி வகுத்தேன். நான் தேர்ந்தெடுத்ததோ நெடிய விருத்தங்கள்.

மூன்றாம் அடியில் சனங்களின் முகம் சிவந்தது. மெர்லின் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சர், உங்கட பாட்டு முடியிறதுக்குள்ள எங்கட மூச்சு முடிஞ்சிரும்! பவளம் மிஸ்ஸி எங்களை ஆஸ்பத்திரியில இருந்து வெளியில கொண்டு வந்தவ. நீங்க திருப்பிக் கொண்டுபோய் விடப் போறீங்க" என்றாள். அடுத்த ஞாயிறுகளில் கூட்டம் தேய்ந்தது. எனக்கோ அவர்களுடைய தமிழறிவின்மேல்தான் கோபம்.

அண்ணனிடமும் அதையே செய்தேன். பின்னேரம்தோறும் அவர் கதிரையருகே அமர்ந்து, யாக்கை நிலையாமை பற்றி நம் அருளாளர்கள் பாடியவற்றை ஒன்றொன்றாக ஓதி விளக்கினேன். ஒருநாள் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "நிப்பாட்டு தங்கச்சி. அவள் செத்தது எனக்குத் தெரியும். அதைப் பாட்டில வேற சொல்லணுமா?"

எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு மண்டூர்த் திருவிழா வந்தது. நான் பிறந்த ஊரின் முருகன் சந்நிதி. உன்னையும் ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கே பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே போவதும், ஒரு மந்திரமும் ஒலிக்காமல் பூசை நடப்பதும் நான் சிறுமியாக இருந்த நாள் முதல் கண்டவை. ஆனால், மச்சாள், கண்டது வேறு, உணர்ந்தது வேறு. அன்று என் முன்னால் நின்ற ஒரு முதியவரின் முதுகு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்ந்தது. அந்தச் சனத்திரள் முழுவதும் ஒரே உடம்பாக மூச்சு விடுவது என் காதில் விழுந்தது. முருகனுக்கு முன்னால் நிற்பதற்கு ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் பயன் சொன்ன எனக்கு, என் ஊர்க் கோயிலின் பயன் அன்றுதான் விளங்கியது.

நான் ஓதிய நூல்கள் பொய்யல்ல. என்னை இந்த வயதுவரை தாங்கி வந்தவை அவையே. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிறவன் முன்னால் அவற்றைச் சுமையாக இறக்கலாமா?

மறுநாள் அண்ணனிடம் போனேன். ஒன்றும் பேசவில்லை. நீ செய்வதுபோல வயிற்றில் கையை வைத்து, மெதுவாக எடுத்து, அதைவிட மெதுவாக விட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். சற்று நேரத்தில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்குப் பாட்டில்லையா?"

இல்லையென்று தலையை அசைத்தேன்.

"தொண்டை கட்டிட்டுதா?"

மீண்டும் தலையசைத்தேன். "நல்லதாப் போச்சு" என்றார். கோபத்தில் சொன்னாரா, ஆறுதலில் சொன்னாரா? தெரியவில்லை. ஆனால் நான் எழுந்தபோது, "நாளைக்கும் வா" என்றார்.

அப்படியே பல நாள் போயின. அவருடைய மூச்சு முதலில் என்னுடையதோடு முட்டி மோதும்; பிறகு, அவர் அறியாமலே, பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் திடீரென்று உள்நோக்கிக் குரல் கொடுத்தார். "வதனி, என்ட சப்பாத்து எங்க புள்ள? நாளைக்கு மாமியோட போகணும்." குசினியில் ஏதோ பாத்திரம் கைதவறி விழுந்த சத்தம் கேட்டது. உன் மகள் ஓடிவந்து வாசலில் நின்றாள். அவளும் ஒன்றும் பேசவில்லை. மௌனம் அந்த வீட்டில் தொற்றுநோயாகிவிட்டது.

ஞாயிறு புறப்பட்டோம். வாவி அலையின்றிக் கிடந்தது. தோணிக்காரர் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காததைக் கண்டு மெர்லின் என் காதருகே, "சண்டை கிண்டை பிடிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் நடந்தார். பஸ்ஸை ஏற்றத்தில் ஏற்றுவதுபோல, மூச்சை மாற்றி மாற்றிப் போட்டு நடந்தார்.

கண்ணா மரம் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார். நீ வழக்கமாக நிற்கும் இடத்தில் வெயில் விழுந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவருடைய கை நெஞ்சுக்குப் போனது; மூச்சு குறுகியது. மெர்லின் தாங்கப் போனாள், கண்ணால் தடுத்தேன். என் நாவின் நுனிவரை ஒரு பதிகம் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். நாங்கள் எல்லாரும் அவரைச் சூழ நின்று, நீ பழக்கியபடி மெதுவாக மூச்சை எடுத்து, அதைவிட மெதுவாக விட்டோம். அந்த மரத்தடியில் அந்த ஓசை மட்டுமே இருந்தது.

எவ்வளவு நேரமோ! அவருடைய கை தாழ்ந்தது. பார்வை நிலத்துக்குப் போனது.

"மூக்கை வெளியில வச்சிரிக்கிற மரம் இதுதானா?"

"ஓம் ஐயா. மிஸ்ஸிட மரம்" என்றாள் மெர்லின்.

வேர்களுக்கு நடுவே குந்தி, ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதைக் காட்டத்தானா அவள் இத்தனை காலமும் கூப்பிட்டவள்?" என்றார். அதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய்?

திரும்பும்போது அவரை முன்னே விட்டுப் பின்னால் வரலாம் என்றுதான் நான் நின்றேன். அவர் அசையவில்லை. "நீங்க போங்க. நான் கடைசியா வாறன்" என்றார். வாழ்நாளெல்லாம் முன் ஆசனத்தில் இருந்தவர், பவளம்! முழங்கால் நோவால் மெர்லின் மெதுவாகத்தான் வருவாள். அவளையும் முன்னே விட்டு, அவளுடைய வேகத்துக்குத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "என்னத்துக்குத் தங்கச்சி கிறுகிக் கிறுகிப் பாக்காய்? வாறன்தானே!" என்று பின்னாலிருந்து அதட்டினார். கரையெல்லாம் கேட்கும்படி அதட்டுவதற்கு மூச்சு இருந்தது. அதைவிட நல்ல சேதி உனக்கு நான் வேறெதைச் சொல்ல?

இப்போது ஞாயிறுதோறும் அவர்தான் கடைசி. கூட்டமும் திரும்பிவிட்டது. உன் திவசத்தன்று கிரியைகளுக்கு முன்னே, விடியலில், எல்லாரும் கண்ணா மரத்தடிக்குப் போகிறோம். பதிகங்களைப் பின்னேரம் உன் படத்துக்கு முன்னால் குறைவின்றி ஓதுவேன். மரத்தடியில் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

மச்சாள், இது என் வாக்கு: என் கால்கள் தாங்கும்வரை உன் பாதையில் முன்னே நடப்பேன், அவர் எத்தனை முறை அதட்டினாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

முருகன் துணை.

உன் கணவருக்குத் தங்கையும்,
உனக்கு என்றும் மச்சாளுமாகிய
கனகம்
கல்லடி