பச்சமிளகாவுக்கு ரெண்டு பேட்டரி

அடப்பாவி பிரபா, என் மச்சானே,

உன் படத்துக்கு மாலை போட்டுட்டு வந்த கையோட இதை எழுதறேன். நீ போன துக்கத்துல எழுதறேன்னு நினைச்சுக்காத. அந்தத் துக்கத்தை எழுத இப்ப எனக்குத் தெம்பு இல்ல. இது அதிர்ச்சியில எழுதறது. உங்க வீட்டு ஹால்ல இன்னிக்கு நான் பார்த்ததை நினைச்சா, உன் முதுகுல ரெண்டு வச்சு "ஏன்டா இப்படிப் பண்ண?"ன்னு கேக்கணும் போல இருக்கு. எங்க வந்து கேக்கறது?

இதை மத்தவங்களும் படிப்பாங்க. அதனால உனக்குத் தெரிஞ்ச கதையையே கொஞ்சம் சொல்றேன், பொறுத்துக்க. நெய்வேலி டவுன்ஷிப்புலயும் மந்தாரக்குப்பத்துலயும் வீடியோ கேம் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு ஒரு ஆன்லைன் குரூப் இருக்கு. டிவியில மாட்டி விளையாடற பொட்டியில ரெண்டு ஜாதி. ஒண்ணுக்கு நீலம் அடையாளம், இன்னொண்ணுக்குப் பச்சை. நாம ரெண்டு பேரும் நீலக்கட்சி. எந்தப் பொட்டி ஒசத்தி, எந்த கன்ட்ரோலர் கைக்கு அடக்கம், எந்தப் பொட்டிக்கு மட்டும் எந்த கேம் வருதுன்னு அந்தக் குரூப்ல நடக்கற சண்டைக்கு முன்னால உள்ளாட்சித் தேர்தல் எல்லாம் ஒண்ணுமே இல்ல.

பச்சைக்காரன் கன்ட்ரோலரைப் பார்த்தாலே உனக்குச் சிரிப்பு வரும். நம்ம கன்ட்ரோலரை சார்ஜுல போட்டாப் போதும். அவனோடதுக்குச் சுவர்க்கடிகாரத்துக்குப் போடற மாதிரி ரெண்டு பேட்டரி போடணும். "இந்தக் காலத்துல பேட்டரி மாத்திகினு வெளையாடறானுங்க பாரு மச்சான்"னு உன் மொபைல் கடைக்கு வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லுவ. மொபைல் கவர் வாங்க வந்தவங்களுக்கு இதெல்லாம் எதுக்குடா?

குரூப்ல பச்சைக்கட்சிக்குன்னு இருந்தது ஒரே ஒருத்தன்தான். பேரு பச்சமிளகா. முகம் தெரியாது, நம்பர் தெரியாது, டவுன்ஷிப்புல எந்த ப்ளாக்குன்னும் தெரியாது. அவன் வந்த நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும். பத்திரிகை அடிச்சு, பாதிப் பேருக்குக் குடுத்தும் முடிச்ச என் கல்யாணம் நின்னுபோன மாசம். "மைன்ஸ்ல வேலைன்னுதானே சொன்னீங்க, கான்ட்ராக்ட்டுன்னு சொல்லலியே"ன்னு பொண்ணு வீட்டுல எழுந்து போயிட்டாங்க. எங்கப்பா பெர்மனென்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. புள்ளையும் அப்படித்தான்னு அவங்களாவே நினைச்சுகிட்டாங்க போல.

அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. ஷிப்டுக்குப் போகல. அம்மா தட்டைக் கொண்டுவந்து வச்சா வச்ச மாதிரியே திரும்பிப் போகும். நீ தினமும் கடையைச் சாத்திட்டு வந்து என் கட்டில் பக்கத்துல உக்காருவ. நீ என்ன கேட்டாலும் நான் சுவரைப் பார்த்துகிட்டே படுத்திருப்பேன். செத்துடலாமான்னு அப்ப நான் யோசிச்சது உனக்குத் தெரியுமா? நான் சொன்னதில்ல. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு இன்னிக்குத்தான் தோணுது.

அப்படிக் கிடந்த ஒரு சாயங்காலம் குரூப்ல பச்சமிளகான்னு ஒருத்தன் புதுசா வந்தான். "நீலப்பொட்டிக்காரனுங்களுக்குப் பழைய கேமையே பவுடர் பூசிக் குடுத்தாலும் வரிசையில நின்னு வாங்குவானுங்க"ன்னு போட்டான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. எழுந்து உக்காந்து அவனைக் கிழி கிழின்னு கிழிச்சேன். அந்த மாசம் நான் ஒரு மனுஷன்கிட்ட பேசின முதல் பேச்சே அதுதான். அப்ப நீ அங்க இல்ல. டீ வாங்கப் போயிருந்த.

அப்புறம் தினமும் சண்டை. அவனுக்குப் பதில் சொல்றதுக்காகவே காலையில எழுந்தேன். எழுந்ததால சாப்பிட்டேன், சாப்பிட்டதால ஷிப்டுக்குப் போனேன். நீயும் என் பக்கம் நின்னு அவனைத் திட்டுவ. ஆனா பச்சமிளகா பேசற நேரத்துல எல்லாம் உனக்கு டீ வாங்கற வேலை வந்துடும். இத்தனை வருஷத்துல எனக்கு அது உறைக்கவே இல்லையே. இவ்வளவு மக்கா இருந்திருக்கேனே.

நீ போன அன்னிக்கு நான் மைன்ஸ்ல இருந்தேன். நெஞ்சு வலிக்குதுன்னு கடை ஸ்டூல்ல உக்காந்தவன் எழுந்திருக்கவே இல்லைன்னு ஷிப்டு முடிஞ்சு மேல வந்த பிறகுதான் தெரிஞ்சுது. குரூப்பே அழுதுச்சு. வளையமாதேவி கிராமத்து தினேஷ் மட்டும் ஒண்ணும் போடல. அவங்க நிலம் மைன்ஸுக்குப் போனதுல இருந்து அவன் யார்கிட்டயும் பேசறதில்லைன்னு உனக்குத்தான் தெரியுமே. கன்ட்ரோலரைப் பத்தி மணிக்கணக்கா வாதாடினவன், இப்ப போன் பண்ணினாலும் எடுக்கறதில்ல. ஆனா வாய் திறக்காதவனும் சுடுகாட்டுக்கு வந்து ஓரமா நின்னான்.

பச்சமிளகா வரவும் இல்ல, ஒரு வார்த்தை போடவும் இல்ல. எனக்கு ஆத்திரம் தாங்கல. "எதிரியா இருந்தாலும் சாவுக்கு வருவான்டா. நீ மனுஷனே இல்ல, செத்துப் போ"ன்னு குரூப்லயே எழுதிட்டேன். யாருக்கு எழுதினேன்னு பாருடா.

இன்னிக்கு உன் காரியம். படையலுக்கு உனக்குப் பிடிச்சதெல்லாம் வச்சாங்க. வடை, பாயசம், காடாம்புலியூர்ல இருந்து வந்த பலாச்சுளை, நீ தீபாவளிக்கு எடுத்த சட்டை. நான் என் நீலக் கன்ட்ரோலரைத் துடைச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். உன் படத்துக்கு முன்னால அதை வச்சப்ப நம்ம பசங்க கண்ணெல்லாம் கலங்கிடுச்சு.

காலையிலயே உங்கம்மா என்கிட்ட, வரும்போது கடையில ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. வீட்டுக் கடிகாரம் நின்னுபோச்சு போலன்னு நினைச்சு வாங்கிட்டுப் போனேன். பசங்க பந்தல்ல சாப்பிட உக்காந்த பிறகு, பேட்டரி எங்கப்பான்னு கேட்டு வாங்கிகிட்டாங்க. அப்புறம் என் கன்ட்ரோலரை மெதுவா எடுத்து ஓரமா வச்சாங்க. "இது அவனுது இல்லப்பா"ன்னாங்க.

பீரோவைத் திறந்து, உன் வேட்டிக்கு அடியில இருந்து ஒரு கன்ட்ரோலரை எடுத்தாங்க. பச்சைக்காரன் கன்ட்ரோலர். பின்பக்க மூடியைக் கழட்டி, பழக்கப்பட்ட கை மாதிரி ரெண்டு பேட்டரியையும் போட்டாங்க. அதுல வெளக்கு எரிஞ்சாதான் உனக்குப் புடிக்கும்னு சொல்லி நடு பட்டனை அமுக்கி, உன் படத்துக்கு முன்னால வச்சாங்க. டிவிக்குப் பின்னால இருந்த பொட்டிக்கும் சேர்த்து உயிர் வந்து, டிவியில பேரு வந்துச்சு. பச்சமிளகா.

பிரபா, நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். எனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு அம்மா பயந்துபோய் மோர் கொண்டுவந்தாங்க. இது எப்ப வாங்கினதும்மான்னு கேட்டேன்.

"நீ பேசாம கெடந்தியே, அப்பதான்"னாங்க. "எளங்கோ வாயத் தொறந்துட்டாம்மான்னு ஒரு நாளு சிரிச்சிகினே வந்தான். சண்டைக்கு ஒரு ஆளு இருந்தாதான் அவன் பேசிகினே இருப்பான், ஒண்ணும் தெரியாம சண்டை போட்டா கண்டுபுடிச்சிடுவான், இந்தப் பொட்டி வோணும்னான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினான்ப்பா."

ஏன்டா, நான் உயிரோட இருக்கணும்னு நீ எனக்கு ஒரு எதிரியா வந்தியா? என்கிட்ட தினமும் திட்டு வாங்கிகிட்டு, அந்தத் திட்டையே என் பக்கத்துல உக்காந்து படிச்சுச் சிரிச்சியா? எப்படிடா முடிஞ்சுது?

இன்னொரு கேள்வியும் இருக்கு, அதுக்கும் பதில் சொல்ல ஆள் இல்ல. அந்தப் பொட்டியில இருக்கிற கேம் எல்லாத்தையும் கடைசி வரைக்கும் முடிச்சு வச்சிருக்க. சண்டைக்காக வாங்கினவன் இப்படியா விளையாடுவான்? உனக்கு நிஜமாவே பச்சைதான் பிடிச்சிருந்துச்சா? அம்மா கேட்டாங்கன்னு நானும் கொஞ்ச நேரம் அதைக் கையில பிடிச்சுப் பார்த்தேன். சொல்லவே வாய் கூசுது மச்சான், கைக்கு நல்லாத்தான் இருக்கு.

நீ இருந்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்ப, ஒரு சேதி சொல்றேன். பச்சைக்காரன் தனக்கு மட்டும்னு வச்சிருந்த கேம் எல்லாம் இப்ப ஒவ்வொண்ணா நம்ம பொட்டிக்கும் வருதாம். இனிமே சண்டைக்கு என்ன இருக்குன்னு குரூப்ல பசங்க கேக்கறாங்க. நல்லா கேட்டானுங்க.

பச்சமிளகாவா பேச நீ தனியா வச்சிருந்த ஒரு பழைய போனை உங்கம்மா என்கிட்டயே குடுத்துட்டாங்க. திறந்ததும் மேல நின்னது நான் உன்னைச் செத்துப் போன்னு எழுதினது. அதைப் பார்த்துகிட்டே ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடிச்சுட்டு, அந்தப் போன்ல இருந்தே குரூப்புக்கு ஒரு வரி போட்டேன். "வளையமாதேவி தினேஷுக்கு கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. நீலப்பொட்டியில அவன் இதுவரைக்கும் ஒரு கேமாவது முடிச்சிருக்கானா?"

ஒளிஞ்சு செய்யற சாமர்த்தியம் உன் அளவுக்கு எனக்கு இல்ல. இந்தக் கடிதத்தை தினேஷும் படிப்பான், யாருன்னு தெரிஞ்சுப்பான். தெரியட்டும். தெரிஞ்சாலும் விடமாட்டேன்.

இதோ, இதை எழுதிகிட்டு இருக்கும்போதே பதில் வந்துடுச்சு பிரபா. ஒரே வார்த்தை. கெட்ட வார்த்தைதான், இங்க எழுத முடியாது. அவங்க நிலம் போனதுக்கு அப்புறம் அந்தப் பையன் பேசின முதல் வார்த்தை. இப்ப இன்னொண்ணு டைப் பண்ணிகிட்டிருக்கான்.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன் மச்சான். உன் படத்துக்கு முன்னால இருக்கிற அந்த வெளக்கு அணையாது. பேட்டரி தீரத் தீர நான் வந்து மாத்தறேன்.

உன் கட்சியிலயே இருந்த,
உன் சிநேகிதன்,
இனிமே பச்சமிளகா,
இளங்கோ