ஸ்கூட்டர் மேல் ஒரு நீதிபதி

என் வக்கீலக்காவுக்கு,

மரக்காணத்தில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளமெல்லாம் வெள்ளக்காடு, யாருக்கும் வேலையில்லை. நீங்கள் இருந்திருந்தால், "சீசன் ஆரம்பிச்சிடுச்சு காதரு, ஃபைலை எடு" என்றிருப்பீர்கள். மழைக்காலத்தில்தானே நம் உப்பள ஜனங்கள் மேல் கேஸ் முளைக்கும்.

இந்த முறை அஞ்சலை. உப்பு வாரும் அஞ்சலையேதான். குடிசைக்குள் தண்ணீர் புகுந்ததும் துணி மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கிப் படுத்துவிட்டாள். பொதுமக்களுக்கு இடையூறாம், போலீஸ் கேஸ் போட்டுவிட்டது! வீடு மூழ்கினவள் வேறு எங்கே போவாள்?

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடறேன் பாய்" என்றாள். நீங்கள் சொல்வதையே சொன்னேன். "ஒருவாட்டி ஒத்துக்கிட்டா, ஊர்ல எது காணாம போனாலும் உன் வாசலுக்குத்தான் வருவாங்க."

ஆனால் மேஸ்திரி எது கேட்டாலும் 'ஆமாங்க' என்று சொல்லிப் பழகிய வாயாயிற்றே. நம் ஜனங்கள் கோர்ட்டிலும் மரியாதைக்கு அதையே சொல்லிவிடுவார்கள். அதற்காகத்தானே கோர்ட் வாசல் புங்கமரத்தடியில் ஒத்திகை வைத்தீர்கள்? உங்கள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தால் குமாஸ்தா நான்தான் நீதிபதி. "ஜட்ஜுன்னா முறைக்கணும்டா, இளிக்காத" என்று எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்! நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்த சீட்டில் ஏற எனக்கு மனசே வரவில்லை. அஞ்சலைக்காக ஏறினேன். உங்கள் ஜூனியர் செல்வி பக்கத்தில் நிற்க, 'இல்லைங்க ஐயா' என்று பத்து தடவை சொல்ல வைத்தேன்.

அதிகமாகப் பழக்கிவிட்டேன் போல. "உன் பேர் அஞ்சலையா?" என்று நீதிபதி கேட்டதும், "இல்லைங்க ஐயா" என்றாளே பார்க்கலாம். கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்றார். சிரிப்பில் மிரண்டுபோயிருந்தவள் 'ஆ' என்று வாயெடுத்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முறைத்தேன் அக்கா, நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

"இல்லைங்க ஐயா. ஊட்ல தண்ணி. அங்க படுத்தது தப்புன்னா, எங்க படுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். சாட்சிகளை விசாரிக்க வாய்தா போட்டிருக்கிறார். ஜெயிப்போமா? தெரியாது. செல்வி விடமாட்டாள், அது தெரியும்.

இந்த மழை விடும்வரை உங்கள் ஸ்கூட்டர் புங்கமரத்தடியில்தான் நிற்கும். ஒத்திகைக்கு யார் வந்தாலும் ஏறி உட்காருவேன். அதில் உட்கார்ந்தால் முறைப்பதற்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது அக்கா. பழகிக்கொள்கிறேன்.

உங்கள் திட்டுக்கு ஏங்கும் தம்பி,
குமாஸ்தா காதர்