கும்பத்துக்குள் இன்சுலின்

அன்பு மதினி,

நீங்க போனதிலிருந்து அண்ணன் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஊசி போடும்போதெல்லாம் சண்டைதான். "அவ போட்டா வலிக்காது" என்கிறார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

இந்த ஐப்பசியில் கண்மாய் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நாம் இருவரும் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த மருந்துக்கடையில் முழங்கால் ஆழம். கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் பெட்டியில் அள்ளிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. பந்தி மேசையைக் கவுண்டராக்கிக் கடையைத் திறந்துவிட்டேன்.

"வெள்ளையா, வட்டமா இருக்குமே, அதைக் குடு தாயி" என்று வந்தார்கள். வெள்ளையும் வட்டமுமாக என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "டாக்டர் சொன்னதுக்கு" என்று பதில். சிரிக்காதீக மதினி. ஒவ்வொருவராக உட்கார வைத்து விசாரித்து, ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுக் கேட்டுத்தான் கொடுத்தேன்.

மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. கரண்ட் வரவில்லை. இன்சுலின் கெட்டுப்போகக் கூடாதே என்று பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு, மேலே ஈரத்துணி சுற்றி, காற்று வரும் ஜன்னலோரம் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பானைக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை! வெள்ளம் வடிய நான் கும்பம் வைத்திருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அலமேலு பெரியம்மா சூடத்தைப் பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயோ, காட்டாதீக பெரியம்மா! உள்ள இருக்கது சூடு தாங்காது."

"சூடு தாங்காதா? அப்ப மாரிதான்!"

அதன்பிறகு நான் துணியை நனைக்கவே இல்லை. பெண்கள் வரிசையில் நின்று குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றினார்கள். குப்பிகளை நல்லவேளை டப்பாவில் மூடி வைத்திருந்தேன்.

அண்ணன்தான் அசையவில்லை. "இத்தன பொம்பளைக முன்னாடி சட்டையத் தூக்கவா?" என்று ஒருநாள் முழுக்க ஊசியே போடவில்லை. நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று தவித்தார். வெளியே கூட்டிப்போக ரோடும் இல்லை. 

வேறு வழியில்லாமல் எல்லோர் முன்னாலும் பானையைத் திறந்து குப்பியை எடுத்தேன். சாமியென்று கும்பிட்டது மருந்து டப்பாவா என்று அடி விழும் என்றே நினைத்தேன்.

பெரியம்மா குப்பியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"மாரி வயித்துல இருந்து வந்தா அது பிரசாதந்தான். ஏலே, தூக்குடா சட்டைய!"

டாக்டருக்கே பணியாத மனுஷன் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஊசியைக் குத்தினேன். பெண்கள் குலவை போட்டார்கள்! உலகத்தில் வேறு யாருக்காவது குலவையோடு இன்சுலின் ஏறியிருக்குமா?

அப்புறம்தான் வந்தது வினை. சர்க்கரையே இல்லாதவர்களெல்லாம் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஊசி கிடையாது என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது.

வீடு திரும்பியபின் அண்ணன் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். இன்று காலை கதவோரம் நின்று கேட்டேன். ஊசி போட்டுவிட்டு, "வலிக்கலடி" என்று மாலை போட்ட உங்க படத்தைப் பார்த்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போகவில்லை. இனி அந்த நேரத்தில் யாரையும் உள்ளே விடவும் மாட்டேன் மதினி, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க.

உங்கள் நாத்தனார்,
மீனாள்