நேரே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்

கட்டாரில் இருக்கும் என் அன்புக் கணவருக்கு,

மகளும் நானும் நலம், முதலில் அதை நம்புங்கள். பூனாகலைப் பள்ளிக்கூட முகாமில் நிவாரணப் பொறுப்பு என்னிடம்தான்.

மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் நம் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த ஆட்களை முகாமுக்கு இறக்கினேன். ஜெயலெட்சுமி அக்கா மட்டும் அசையவில்லை. "ஆட்டை விட்டுட்டு வரமாட்டேன்" என்றார். "அதுகளையும் கூட்டிட்டு வாங்கக்கா, ஒரு வகுப்பறை தாரேன்" என்றேன். நான்கு ஆடுகளோடு வந்தார். மறுநாள் காலை மலை சரிந்து லயத்தை மூடியது. ஓர் உயிரும் போகவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே ஆடுகளை ஓட்டி வந்திருப்பீர்கள்.

அக்காவோடு மல்லுக்கட்டியதில் நம் வீட்டுக்குள் போக எனக்கு நேரமிருக்கவில்லை. உங்கள் கல்யாணச் சட்டையையாவது எடுத்திருக்கலாம், கோபிக்காதீர்கள்.

லீவில் வரும்போது லயத்துப் பாதையில் ஏற வேண்டாம். நேரே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்.

உங்கள் மனைவி