அன்றைக்கு எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்

மழை பெய்தால், பிள்ளைகள் ஏறி இறங்கிப் பழகும் அந்தப் பெட்டி இன்னமும் மீன் நாறுகிறது. எத்தனையோ தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாயிற்று, வெயிலில் கவிழ்த்து வைத்தாயிற்று. போன வெள்ளிக்கிழமை இரவு யாரோ அதை மழையில் விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மிஸ், இத எறிஞ்சிட்டு வேற ஒண்டு செய்விப்பமே" என்று கெஞ்சினார்கள். நான் பெட்டியைத் துடைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. அன்று பின்னேரம் மைதானத்தில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் கதை ஒரு விழுகையில்தான் தொடங்கியது. நீ தேற்றாத்தீவுப் பிள்ளை, நான் பெரியகல்லாறு. இரண்டு பாடசாலைகளுக்கும் கூடைப்பந்து என்றால் அந்த நாளில் ஒரு வெறி. ஒரு போட்டியில், வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்கு இருவரும் ஒன்றாக எழும்பினோம். பந்து உன் கைக்குப் போனது. நீ ஒற்றைக் காலில் இறங்கினாய். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சீமெந்தில் உருண்டாய். என் கை உன் தோளுக்குப் பக்கத்தில் நீட்டியபடி நின்றது. சனத்துக்கு அது போதும். "தள்ளிப்போட்டாள்! தள்ளிப்போட்டாள்!" நடுவர் விசில் ஊதவில்லை, சனம் ஊதிவிட்டது.

உன்னை எண்ணெய்க் கட்டுப் போடத் தூக்கிப் போனார்கள் என்றும், நாவூறு கழித்தார்கள் என்றும், முழங்கால் வீக்கம் இறங்கவேயில்லை என்றும் கேள்விப்பட்டேன். உன் ஊரில் என் பெயர் மாறிப்போனது. பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "அந்தப் புள்ளயத் தள்ளினவள் இவள்தான்" என்று என் காதுபடச் சொன்னாள். நான் பந்தைத் தொடுவதை விட்டேன். அதைவிடக் கொடுமை, தள்ளினேனா இல்லையா என்பது எனக்கே தெரியாமல் போனதுதான். ஊர் முழுக்க ஒரே கதையைச் சொன்னால் நம் கையும் அதை ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். சோறு பிசையும்போது அந்த வலது கையைப் பார்த்துப் பாதியில் எழும்பிப் போயிருக்கிறேன்.

பல வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் நீ பஸ்ஸை விட்டு இறங்கி, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து எங்கள் வளவுக்குள் வந்தாய். அப்பாவும் நானும் மீன்பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "சண்டைக்குத்தான் வாறாள் போல. நீ உள்ளுக்குப் போ புள்ள" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சண்டைக்கு வரல்லம்மா. இவளுக்கு ஒண்டு காட்டத்தான் வந்தன்" என்றாய் நீ. வெறும் பெட்டி ஒன்றை இழுத்துக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றாய். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒப்பரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போனன்கா. அங்க பெரிய கண்ணாடி ஒண்டு. அதுக்கு முன்னால படியில இருந்து இறங்கச் சொன்னாங்க, முதல்ல நல்ல காலால. இஞ்ச பார்."

நல்ல காலில் இறங்கினாய். பாதம் மண்ணைத் தொட்டதும் முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது.

"கண்டியா? இது அடிபடாத கால். இப்ப என்ன யார் தள்ளினது?"

நீ கிட்ட வந்து, மீன் செதில் ஒட்டியிருந்த என் வலது கையைப் பிடித்தாய். "நீ தள்ளல்லகா. என்ட முழங்கால்தான் உள்ளுக்குப் போயித்து. நானும் இத்தன வருஷமா நீதான் தள்ளினதெண்டு நினைச்சன். அண்டைக்கு எல்லாரும் பந்தப் பாத்தாங்க. ஒருத்தரும் காலப் பாக்கல்ல."

நான் அழுத அழுகையை நீ பார்த்தாய். அப்பா ஐஸ் வாளியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நீயோ விடாக்கண்டி. தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும், "இப்ப நீ ஏறு" என்றாய். ஏறி இறங்கினேன். என் முழங்காலும் அப்படியே உள்ளே போனது. "அண்டைக்கு நீ விழுந்திருந்தா, பெரியகல்லாத்துச் சனம் என்ன உயிரோட விட்டிருக்குமா?" என்று கேட்டுவிட்டு நீதான் முதலில் சிரித்தாய். போகும்போது அந்தப் பெட்டியையும் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கினோம். கூடைப்பந்து பழக வந்தவர்களுக்கு நீ முதல் மாதம் பந்தைக் காட்டவேயில்லை. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டு கிடக்க விட்டாய். "வயிறும் இடுப்பும் உடம்பப் பிடிக்கணும். மேல ஆடினா முழங்கால்தான் அதுக்குப் பதில் சொல்லும்" என்பாய். ஒரு தாய் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்ட புள்ள என்ன குற்றம் செஞ்சதெண்டு நிலத்தில போட்டிருக்கீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். பெரியபிள்ளையான பிறகு குதிப்பது கூடாது என்று இன்னும் சிலர் மகள்மாரை மறித்தார்கள். அவர்களை உட்கார வைத்துச் சொன்னாய்: அந்த வயதில் உயரமும் எடையும் கூடுகிற வேகத்தில் இடுப்பின் பலம் கூடுவதில்லை, அதனால்தான் முழங்கால் தடுமாறுகிறது. "குதிக்காம வைக்கிறது வழியில்ல அக்கா. இறங்கப் பழக்கணும்."

பிறகு பெட்டி வந்தது. அதிலிருந்து இரண்டு காலாலும் இறங்க வேண்டும். இடுப்பு பின்னால் போக, முழங்கால் மடிந்து பாதத்துக்கு நேரே நிற்க வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது. யாராவது தொப்பென்று விழுந்தால், "பக்கத்து வீட்டுப் புள்ள நித்திர, எழுப்பிப்போடாதீங்க" என்பாய். பக்கத்தில் வீடே கிடையாது, வாவிதான். போட்டி நடக்கும்போது நான் ஆர்வத்தில் வளையத்தைப் பார்த்தால் என் தாடையைப் பிடித்துக் கீழே திருப்புவாய். "பந்தப் பாக்கச் சனம் இருக்குகா. நீ காலப் பார்."

உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது. டெங்கு என்றார்கள். முழங்காலோடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டியவள் ஒரு நுளம்புக்குத் தோற்றாய் என்பதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று பஸ் படியில் நின்று, "போயித்து வாறன்" என்றாய். அதை நான் கவனித்துக்கூடக் கேட்கவில்லை. யார் கவனிப்பார்கள்? தினமும் சொல்கிற சொல்தானே.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பனிச்சங்கேணிப் பக்கமிருந்து ஒரு அணி விளையாட வந்திருந்தது. நம் உயரமான பிள்ளை வினோஜா தெறித்த பந்துக்கு எழும்பினாள். கூடவே எதிரணியின் சின்னப் பெண் ஒருத்தியும் எழும்பினாள். வினோஜா பந்தோடு இறங்கினாள்: இரண்டு காலும் சேர்ந்து, முழங்கால் பாதத்துக்கு நேரே, நீ பழக்கியபடி. ஆனால் பின்பாரம் கூடி, ஈரச் சீமெந்தில் பொத்தென்று குந்திவிட்டாள். உடனே நம் சனம் கத்தியது. "தள்ளிப்போட்டாள்! தள்ளிப்போட்டாள்!" அதே சத்தம்.

அந்தச் சின்னப் பெண் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள். அந்தக் கையை எனக்குத் தெரியும். வினோஜா முழங்கையில் தோல் உரிந்ததோடு தானே எழும்புவதைப் பார்த்துவிட்டு, நான் மற்றவளிடம் போனேன். என் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"நான் காலத்தான் பாத்துக்கொண்டு நிண்டன் மகள். அவள் பின்பாரம் கூடி விழுந்தவள். நீ தள்ளல்ல."

"மெய்யாவா மிஸ்?"

"ஓம், மெய்தான்."

சனம் அடங்கியது. சிலருக்கு என்மேல் கோபம், எதிரணிக்காகப் பேசிவிட்டேன் என்று. இருக்கட்டும். அந்தப் பிள்ளை விம்மிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வினோஜா கொடுத்த பந்தை வாங்க அதே கையை நீட்டினாள்.

நீ நோகிற காலோடு பஸ் ஏறி வந்து எனக்குச் சொன்ன சொல் அது. எனக்கு அது கிடைக்க என் இளவயது முழுக்கப் போய்விட்டது. அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே கேட்டுவிட்டாள். அன்று பின்னேரம் அவள் பஸ் ஏறும்போது, அவளுடைய கை அவளுடையதாகவே வீட்டுக்குப் போனது.