அண்ணன் நெஞ்சில் கட்டிய பட்டை

தூங்குமூஞ்சி அண்ணாவுக்கு,

ஓட்டப்பந்தய அணியில் என்னை எடுத்துவிட்டார்கள்! முதலில் ஒரு ஆட்டம் போடு, அப்புறம் மிச்சத்தைப் படி.

தினமும் கண் விழித்ததும் நாங்கள் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் உடம்பு தெளிவாக இருக்கிறதாம். கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடித்தால் களைத்துவிட்டதாம். பட்டை இதை அளந்து சொல்லும் எண் நேராகக் கோச்சின் போனுக்குப் போய்விடும்.

போன வாரம் இரண்டு ராத்திரி லாரி ஓட்டிவிட்டு, விடியற்காலையில் வழியில் என் அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தாயே, அதற்கு முந்தின நாள்தான் கோச்சுக்குத் தெரியாமல் எட்டுச் சுற்று கூடுதலாக ஓடியிருந்தேன். மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, தூங்குகிறவனுக்கு நல்ல எண் வரும் என்று நம்பி, பட்டையை உன் நெஞ்சில் கட்டிவிட்டேன். உன் குறட்டைகூட நிற்கவில்லை.

கோச் ஓடி வந்தார். "என்னம்மா இது? ராத்திரி பூரா மூட்டை தூக்கினியா? மூணு நாள் மைதானம் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்!"

மூன்று நாளும் தின்றேன், தூங்கினேன். தேர்வு ஓட்டத்தில் கால் தரையிலேயே படவில்லை. பழைய நேரத்தைவிட மூன்று வினாடி குறைவு!

நேற்று உண்மையைச் சொன்னேன். கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "அது சரி, உங்கண்ணன் ரெஸ்ட் எடுத்தாரா?"



ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். லாரிச் சாவியை அண்ணியிடம் கொடுத்து வை. அந்த மூன்று நாள் ஓய்வு உன்னுடையது. பட்டையும் கொண்டுவருகிறேன், உன் எண் தேறும்வரை சாவி கைக்கு வராது.

உன் ஓட்டக்காரத் தங்கை